இல்லை என்று அழுத்தியவள்

மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். அப்படித்தான் எதிரில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பையன் சொல்கிறான். "ஆன்ட்டி, போனைப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோணுதோ அதை அப்படியே சத்தமா சொல்லிக்கிட்டே இருங்க. இதுல சரி தப்புன்னு எதுவும் கிடையாது. நாங்க உங்களை டெஸ்ட் பண்ணலை, எங்க ஆப்பைத்தான் டெஸ்ட் பண்றோம்." சரி தம்பி என்று தலையாட்டுகிறேன். வாய் சொல்வது அவ்வளவுதான். உள்ளே ஓடுவது வேறு. உன் பெயர் ஆதர்ஷ். அந்தப் பெயரைக் காலையில் பால் பாக்கெட்டை வெட்டும்போது சொல்லிப் பார்ப்பேன், துணி பிழியும்போது சொல்லிப் பார்ப்பேன். பிழியும்போது சொல்வதற்கு நல்ல பெயர் அது, கடைசி எழுத்தில் பல் நெருங்கி வரும். என் மகன் மணிமாறன் புனேயிலிருந்து இந்தக் கம்பெனிக்குப் புகார் அனுப்பினான். வந்த பதிலின் அடியில் இந்தப் பெயர்தான் இருந்தது. இவ்வளவு சின்னப் பையனாக இருப்பான் என்று நான் நினைக்கவில்லை. காது ஓரம் நரைத்தவனாக, பெரிய மேஜைக்குப் பின்னால் சாய்ந்து உட்காருபவனாக ஒருவனை மனதில் செய்து வைத்திருந்தேன். அவனுக்காகத்தான் கஞ்சி போட்ட புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு இந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கு வந்தேன். வந்து பார்த்தால் தாடிகூட ஒழுங்காக முளைக்காத ஒருத்தன், தண்ணீர் வேண்டுமா, ஏசியைக் குறைக்கட்டுமா என்று கேட்கிறான். குறைக்க வேண்டாம். எனக்குக் குளிரவில்லை. அறையை வீடு மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். பூப்போட்ட உறை போட்ட சோபா, ஓடாத டிவி, சுவரில் முருகர் படம் போட்ட தினசரிக் காலண்டர். வயதானவர்கள் தங்கள் வீட்டில் இருப்பதுபோல உணர வேண்டுமாம். காலண்டரில் தேதி கிழிக்கப்படவில்லை. எந்த வயதானவர் வீட்டில் தேதியைக் கிழிக்காமல் விடுவார்கள். கிழிப்பதற்காகவே எழுந்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர் அப்படித்தான். என் கணவர், ராஜரத்தினம், இருந்தார். இருந்தார் என்று சொல்ல இப்போது பழகிவிட்டது.

"முதல்ல ஆப்பைத் திறங்க ஆன்ட்டி." திறக்கிறேன். கைத்தாங்கல் என்று பெயர் வருகிறது, ஒரு கிழவியை ஒரு செவிலிப் பெண் தாங்கிப் பிடிக்கிற படம். கிழவி சிரிக்கிறாள். விழப்போகிறவள் ஏன் சிரிக்க வேண்டும். "எழுத்து பெருசா இருக்கு தம்பி, கண்ணாடி இல்லாமலே தெரியுது" என்று சத்தமாகச் சொல்கிறேன். அவன் முகம் மலர்கிறது. சுவர் மூலையில் இருக்கும் கேமரா இதைப் பிடித்துக்கொண்டிருக்கும். மலரட்டும். பூங்காவில் நடக்க வருகிற எங்கள் கூட்டத்துக்கு ஒரு நாள் சேதி வந்தது: வயதானவர்களுக்காக ஒரு செயலியைச் சீர்செய்கிறோம், பயன்படுத்திப் பார்த்துச் சொல்ல ஆட்கள் வேண்டும். கம்பெனியின் பெயரைப் பார்த்ததும் எல்லோருக்கும் முன்னால் நான் கையைத் தூக்கினேன். கோமளவல்லி என்று என் பெயரைக் கொடுத்தேன். அவன் புகாருக்குப் பதில் எழுதியபோது என் பெயர் எங்குமே இல்லை. மகனுடைய பெயரும் இவருடைய பெயரும்தான் இருந்தன, நான் வெறும் பயனர். அதனால் அவனுக்கு என்னைத் தெரியாது. எனக்கு அவனைத் தெரியும். இந்த ஒரு சௌகரியத்தை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். "இப்ப அந்த ஆரஞ்சு பட்டனை அமுக்குங்க." அமுக்குகிறேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்குகிறேன். விரல் காய்ந்துபோனால் இந்தக் கண்ணாடிக்கு நாம் இருப்பதே தெரிவதில்லை. அன்றைக்கும் இப்படித்தான், விரலை நாக்கில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டு அமுக்கினேன், வாயில் பல்பொடியின் உப்பு. இவர் வாஷ்பேசினுக்குக் கீழே விழுந்து கிடந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை, பாதி முகம் வழித்தது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. குழாயை மூடினேன். ஏன் மூடினேன், முதலில் குழாயை ஏன் மூடினேன். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை வீணாக்காதீங்க என்று அவரிடம் சொல்லிச் சொல்லி அந்தக் கை தானாகப் போய்விட்டது. "என்ன ஆன்ட்டி யோசிக்கிறீங்க, சொல்லுங்க." "ஒன்னுமில்ல தம்பி, விரல் காய்ஞ்சிருக்கு. அதான் பட்டன் கேக்கல." அவன் ஏதோ குறித்துக்கொள்கிறான். குறித்துக்கொள்.

"இப்ப ஒரு சூழ்நிலை சொல்றேன், கற்பனை பண்ணிக்குங்க. நீங்களும் அங்கிளும் வீட்ல இருக்கீங்க. அங்கிள் திடீர்னு மயங்கி விழுந்துட்டாரு. பேச்சு இல்லை. நீங்க இந்த ஆப்ல ஆம்புலன்ஸ் கூப்பிடணும்." கற்பனை பண்ணிக்கொள்ளச் சொல்கிறான். பண்ணிக்கொள்கிறேன் தம்பி. நுரை உதட்டோரம் அசையாமல் இருந்தது, மூச்சு இருந்தால் நுரை அசையும் என்று பார்த்தேன், அசையவில்லை. மூக்கின் கீழே புறங்கையை வைத்துப் பார்த்தேன். புனேயில் இருக்கும் என் மகன் இந்தச் செயலியைப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருந்தான்: "நம்பர் எதையும் ஞாபகம் வச்சுக்க வேணாம்மா, இதுல ஆரஞ்சை அமுக்குனா போதும், அதுவே கேக்கும், நீங்க பதில் சொன்னா அதுவே அனுப்பும்." அது கேட்டது. நான் பதில் சொன்னேன். இதோ அதே கேள்வி, இப்போதும், அதே சொற்கள். எழுத்து தடித்துப் பெரிதாகியிருக்கிறது, கட்டங்களின் நிறம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நோயாளி மூச்சு விடவில்லையா? அதன் கீழே பச்சைக் கட்டத்தில் ஆம், சிவப்புக் கட்டத்தில் இல்லை. மூச்சு விடவில்லையா என்று கேட்டால் ஒரு மனுஷி என்ன சொல்வாள். இல்லை. விடவில்லை. இல்லை என்றுதான் அமுக்கினேன், பேசின் மேல் இருந்த ஷேவிங் கிண்ணம் முழங்கை பட்டு உருண்டு விழ விழ அமுக்கினேன். திரை சாந்தமான நீலமாக மாறியது. கவலைப்பட வேண்டாம், நோயாளி மூச்சு விடுகிறார், வண்டி வரிசைப்படி வரும் என்றது. நோயாளி மூச்சு விடுகிறார். யார் சொன்னது. நான் எப்போது சொன்னேன். நான் அதன் வாயில் திணித்த சொல்லை அது தலைகீழாக மென்று துப்பியது. வரிசைப்படி வந்த வண்டியில் ஓட்டுநர் மட்டும் இருந்தார், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர்கூட இல்லை. அவசரம்னு போடலையேம்மா என்றார் அவர், பாவம், அவர் என்ன செய்வார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால், என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நிறுத்தியிருக்க வேண்டாம். அந்தப் பாதி வாக்கியம் என் வீட்டில் இன்னும் குடியிருக்கிறது.

இந்த ஆதர்ஷின் பதில் அதற்குப் பிறகு வந்தது. பயனர் இல்லை என்ற விடையைத் தேர்ந்தெடுத்திருப்பதாகப் பதிவு காட்டுகிறது, செயலி சரியாகவே இயங்கியிருக்கிறது, தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். மணிமாறன் அதைப் போனில் வாசித்துக் காட்டினான். முடித்துவிட்டு, கோபமில்லாமல்தான் கேட்டான், கோபத்தோடு கேட்டிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்: "ஏம்மா இல்லைன்னு அமுக்குனீங்க?" அதற்கப்புறம் அவன் என்னோடு பேசுவது எல்லாம் சாப்பாடு, மாத்திரை, மழை. அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் வேறு பக்கம் திரும்பிவிடுகிறான். மருமகள் என்னிடம் மெதுவாக, அழுத்தம் திருத்தமாகப் பேச ஆரம்பித்திருக்கிறாள், புரியாதவளிடம் பேசுவது போல. நான் மின்வாரியத்தில் புகார் பிரிவில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். மழைக்காலத்தில் ரிசீவர் காதிலேயே ஒட்டிக்கொள்ளும். கரண்ட் வரலையா என்று கேட்பேன். இல்லைம்மா என்பார்கள். அப்படிச் சொன்ன எந்த வீட்டுக்கும் கரண்ட் இருக்கிறது என்று நான் ஆள் அனுப்பாமல் இருந்ததில்லை. ஆமா என்பவர்களும் உண்டு, அவர்களுக்கும் கரண்ட் இல்லைதான். நம்முடைய பேச்சில் இரண்டும் ஒன்றுதான், குரலில் தெரியும், தலையசைப்பில் தெரியும். வருந்துகிறோம் என்று எப்படி எழுதுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். புகாரை மூடுவதற்கு எழுதுகிற வரி அது, தட்டச்சு செய்யும்போது மறுகை டீயை எடுக்கும். இவன் எதை எடுத்தான். "ஆன்ட்டி, கேள்வி புரியுதா? அவசரமே இல்லை, மெதுவா படிங்க." அவசரமே இல்லையாம். "படிச்சிட்டேன் தம்பி. நல்லா பெருசா போட்டிருக்கீங்க." அவனுக்குச் சந்தோஷம். சந்தோஷத்தில் சொந்தக் கதை சொல்கிறான். "எங்க அம்மாவை வச்சுத்தான் ஆன்ட்டி எழுத்து சைஸ் எல்லாம் முடிவு பண்ணோம். அம்மாவும் அப்பாவும் கும்பகோணத்துல தனியா இருக்காங்க. அப்பாவுக்கு ஏற்கனவே ஒரு தடவை ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சிருக்கு. அம்மா போன்ல இதைப் போட்டுக் குடுத்ததுக்கு அப்புறம்தான் நான் நிம்மதியா தூங்குறேன்."

நிம்மதியாகத் தூங்குகிறான். கேட்டுக்கொள் கோமளவல்லி. நீ வந்தது ஒன்றுக்கு, அதைவிடப் பெரிதாக ஒன்று உன் மடியில் வந்து விழுந்திருக்கிறது. வரும்போது நினைத்தது சின்ன விஷயம்: அவன் முகத்துக்கு நேரே கத்த வேண்டும், பேப்பர் வெயிட் இருந்தால் எறிய வேண்டும், அவ்வளவுதான். இப்போது கத்தவே வேண்டாம் போலிருக்கிறது. நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆம் என்று அமுக்க வேண்டும். அவன் எதிர்பார்க்கிற ஆம். அமுக்கிவிட்டு, தெளிவா இருக்கு தம்பி, சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும் என்று சொல்ல வேண்டும். கேமராவைப் பார்த்தே சொல்லலாம். இந்தக் கேள்வி இப்படியே ஊருக்கெல்லாம் போகும். கும்பகோணத்துக்கும் போகும், போயிருக்கிறது. ஒரு நாள் அங்கே ஒரு கூடத்தில் அவன் அப்பா சாய்வார். அவன் அம்மா, அவள் எப்படி இருப்பாள், இவன் மூக்கு அவளுடையதாக இருக்கும், கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிவருவாள். விரல் காய்ந்திருக்கும். நாக்கில் வைத்துக்கொள்வாள். மூச்சு விடவில்லையா. இல்லை, ஐயோ இல்லை. நீலம் வரும். கவலைப்பட வேண்டாம். அவள் அந்த நீலத்தைப் பார்க்க வேண்டும். என்னைப் போலவே பார்க்க வேண்டும். நினைக்க நினைக்க அடிவயிற்றில் ஒரு சூடு பரவுகிறது, குளிர்காலத்தில் முதல் வாய் காபி இறங்குகிற மாதிரி. இப்படி ஒரு சூடு எனக்குள் வந்து நாளாயிற்று. அவன் அம்மா என்ன பாவம் செய்தாள் என்று யாராவது கேட்டால் நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்பேன். ஆம் என்று அமுக்குகிறேன். இந்தத் தடவை விரல் ஒரே அமுக்கில் படிகிறது. திரை சிவப்பாகி, அவசர வண்டி கிளம்பிவிட்டது என்கிறது. "சூப்பர் ஆன்ட்டி" என்கிறான் அவன். "நிறைய பேர் இந்த இடத்துலதான் தப்பு பண்றாங்க. பதட்டத்துல சரியா படிக்க மாட்டேங்கிறாங்க. அதான் எழுத்தைப் பெருசாக்கி, கலரையும் மாத்திப் பார்த்தோம்." நிறைய பேர். நான் மட்டும் இல்லை. நிறைய பேர் நீலத்தைப் பார்த்திருக்கிறார்கள், அத்தனை வீட்டுக்கும் இவன் எழுத்தைப் பெரிதாக்கி அனுப்பியிருக்கிறான். தப்பு என்கிறான். படிக்க மாட்டேங்கிறார்களாம். சரி. "தெளிவா இருக்கு தம்பி" என்று சொல்கிறேன். குரல்கூட நடுங்கவில்லை. முடிந்தது. இனி எழுந்து போக வேண்டியதுதான்.

கதவைத் தட்டாமல் ஒரு பெண் தலையை நீட்டுகிறாள், கழுத்தில் அட்டை தொங்குகிறது. "ஆதர்ஷ், நீ இன்னும் சாப்பிடலையா?" அவன் திரும்பாமலே, "இல்ல" என்கிறான். "அப்ப உனக்கு எடுத்து வைக்கிறேன். விட்டா பிரகதீஷ் வழிச்சு நக்கிட்டுப் போயிடுவான்." "டப்பாவை ஒளிச்சு வை தாயே" என்கிறான். அவள் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துகிறாள். இல்ல என்றான். அவள் எடுத்து வைக்கப் போய்விட்டாள். அவன் சாப்பிட்டுவிட்டான் என்று அவள் நினைக்கவில்லை, ஒரு கணம்கூட நினைக்கவில்லை. ஒரு பிடி சோற்றுக்குப் புரிகிற அந்த இல்லை, ஒரு உயிருக்கு ஏன் புரியாமல் போயிற்று. போகலாம், எழுந்திரு, பையை எடு, நீ நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் கால் எழவில்லை. ஏனென்றால் இப்போதுதான் எனக்கு உறைக்கிறது, நான் செய்திருப்பது ஒன்றுக்கும் உதவாத வேலை. கும்பகோணத்தில் அது நடந்தால் இவன் என்ன செய்வான். பதிவை எடுத்துப் பார்ப்பான். அம்மா இல்லை என்று அமுக்கியிருக்கிறாள் என்று பார்ப்பான். ஏம்மா இல்லைன்னு அமுக்குனே என்று அவளைக் கேட்பான், என் மகன் கேட்ட அதே குரலில், கோபமில்லாமல். பிறகு ஊருக்குப் போய்க் காரியங்களை முடித்துவிட்டு வந்து எழுத்தை இன்னும் பெரிதாக்குவான். தன்னால்தான் என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது. நான் கொடுத்தது என்று தெரியாது. யார் அடித்தது என்று தெரியாத அடி ஒரு அடியா. அவள் தலையில் அல்லவா அதையும் கொண்டுபோய் வைப்பான், அந்தக் கும்பகோணத்துக்காரி தலையில், பயனர் தலையில். அது கூடாது. இவன் தலையில்தான் இறங்க வேண்டும். அவனுக்கு வலிக்க வேண்டும், உயிரோடு, இப்போதே, பசியோடு உட்கார்ந்திருக்கும்போதே. "தம்பி, மனசுல தோணுறதை எல்லாம் சொல்லலாம்னுதானே சொன்னீங்க" என்கிறேன். "தாராளமா ஆன்ட்டி." "நீங்க சாப்பிட்டாச்சு." அவன் விழிக்கிறான். "இல்ல ஆன்ட்டி, இன்னும் சாப்பிடலை." "சாப்பிடலையான்னு அந்தப் பொண்ணு கேட்டா. நீங்க இல்லைன்னு சொன்னீங்க. அப்படின்னா சாப்பிட்டாச்சுன்னுதானே. உங்க ஆப் அப்படித்தான் எடுத்துக்கும்." அவன் சிரிக்க ஆரம்பிக்கிறான், நான் ஏதோ வேடிக்கை சொல்வதாக நினைத்துக்கொண்டு. நான் சிரிக்கவில்லை. போனை எடுத்து, திரையில் பின்னால் போய், அந்தக் கேள்வியைத் திருப்பி அவன் முன்னால் வைக்கிறேன். "இதைச் சத்தமா படிங்க. படிச்சிட்டு உங்களுக்கு என்ன வாயில வருதோ அதைச் சொல்லுங்க. சரி தப்புன்னு எதுவும் கிடையாது."

அவன் படிக்கிறான். நோயாளி மூச்சு விடவில்லையா. வாய் திறந்து, இ என்று ஆரம்பித்து, நிற்கிறது. அது நிற்பதை நான் பார்க்கிறேன். உள்ளே ஏதோ ஒன்று வழுக்கிக் கீழே போவது அவன் கண்ணில் தெரிகிறது, கயிறு அறுந்த வாளி கிணற்றுக்குள் போகிற மாதிரி, சத்தம் இன்னும் வரவில்லை, போய்க்கொண்டே இருக்கிறது. இப்போதுதான் சொல்ல வேண்டும். "எங்க வீட்டுக்காரர் பேரு ராஜரத்தினம். குரோம்பேட்டை. பாதி சவரம் பண்ணி இருந்தாரு. நான்தான் உங்க பயனர்." அவனுக்குப் பெயர் ஞாபகம் வருகிறது. வந்துவிட்டது, காது மடல் வரை வெளுக்கிறது. "ஆன்ட்டி, நான்" என்கிறான். "நான் அதை, பதிவுல இல்லைன்னு" என்கிறான். "இல்லைன்னுதான் இருக்கும். மூச்சு விடலை, அதனால இல்லை. நீங்க பேசுற அதே தமிழ்லதான் சொன்னேன். மூச்சு விடுறாரான்னு கேட்டிருந்தா சின்னப் பிள்ளையும் சரியா அமுக்கும். உங்களுக்கு அப்படிக் கேக்கத் தோணலை. தோணாததுக்கு நான் தப்பா அமுக்குனேன்னு எழுதுனீங்க. என் பிள்ளை அதை நம்பிட்டான்." "நான் அவர்கிட்ட பேசுறேன். எழுதித் தர்றேன், என்ன எழுதணுமோ" என்கிறான். "எழுதுவீங்க. என் முன்னாடி எழுதுவீங்க, நான் போகலை. தப்பு யாரோடதுன்னு முதல் வரியிலயே இருக்கணும். வருந்துறோம்னு ஒரு வார்த்தை வரக் கூடாது." தலையாட்டுகிறான். அழுவானோ என்று பார்க்கிறேன், அழட்டும் என்று பார்க்கிறேன். ஆனால் அவன் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்க்கிறான், அந்தச் சிவப்புக் கட்டத்தை. எனக்குப் புரிவதற்கு முன்னால் அவன் கை தன் சட்டைப்பையில் போனைத் தேடுகிறது. எழுதுவதற்கு அல்ல. "ஒரு நிமிஷம் ஆன்ட்டி, அம்மாகிட்ட மட்டும், அந்த ஆப்பை எடுத்துடச் சொல்லி" என்று எழுந்து சுவர் ஓரம் போகிறான். போனைக் காதில் வைக்கிறான். மணி போவது எனக்கே கேட்கிறது, அறை அவ்வளவு அமைதி. எடுக்கவில்லை. அவள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கலாம், கோயிலுக்குப் போயிருக்கலாம், சாப்பிட்ட அசதியில் கண்ணயர்ந்திருக்கலாம். அவனுக்கு அதெல்லாம் தோன்றவில்லை என்று அவன் முதுகிலேயே தெரிகிறது. "எடும்மா" என்கிறான் மெதுவாக. எடுத்துவிடுவாள், எனக்குத் தெரியும், அவள் நன்றாக இருக்கிறாள், நன்றாகவே இருக்கட்டும். எடுக்கட்டும். ஆனால் இப்போதே வேண்டாம். இன்னும் கொஞ்சம் மணி போகட்டும்.